பீலிக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு மலை

இலங்கையின் ஊவா மலைநாட்டில், பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பாதையில் ஆகஸ்ட் மாதம் பயணம் செய்தால் ஈரமே இல்லாத ஒரு காற்று முகத்தில் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியா மலைகளில் கொட்டித் தீர்ந்தபின், மிச்சக் காற்று மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்துபோய் இறங்குகிறது. எங்கள் ஆட்கள் அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான நாட்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை என்ற தனிப் பெயர். வறட்சியில் வாடும் செடியின் தவிப்பு இலையில் மணமாகத் தங்கிவிடுகிறது. கொழும்பு ஏலத்தில் அந்த மணத்துக்கு விலை ஏறும் அதே வாரங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், பீலி என்ற ஊற்றுக் குழாயில் தண்ணீர் நூலாக இளைக்கும்.

நான் பிறந்த லயத்துக்கு ஒரே பீலி. இருபத்து நான்கு காம்பராவுக்கும், அதாவது அறை வீடுகளுக்கும், அதுதான். கச்சான் காலத்தில் ஒரு குடம் நிறைய கால் மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டிய அம்மா, விடியற்காலை மூன்றரைக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். தங்கள் முறைக்கு அடையாளமாகச் சிலர் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லை யாராவது நகர்த்தினால் வரும் சண்டை ஒரு வாரம் ஓடும். பிறகு படிப்புக்காகப் பதுளை டவுனில் உறவினர் வீட்டில் தங்கினேன். முதல் நாள் காலை ஆறு மணிக்கு முற்றத்துப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன், மறுபடியும் வந்தது. அத்தை உள்ளே இருந்து, "தண்ணிய வீணாக்காத, மீட்டர் ஓடுது" என்று சத்தம் போட்டார். மீட்டர் என்றால் என்னவென்று எனக்கு அன்று தெரியாது.

அந்த இரண்டு காலைகளுக்கும் இடையில் இருந்தது ஒரு மலைதான். தண்ணீரும் அநேகமாக ஒரே மலையின் தண்ணீர். பிறகு வித்தியாசம் எங்கே இருந்தது என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முதலில் ஒரு நகரத்தின் பைப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில், பதுளு ஓயா சுற்றி வளைத்த ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். அதன் தென்கிழக்கே நிற்கும் நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீட்டர். ஓயாவிலோ ஊற்றிலோ ஒரு சிறு அணையைக் கட்டித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். சல்லடையில் இலை தழை நிற்கும். அடுத்த தொட்டியில் படிகாரம் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூப்பூவாகத் திரண்டு அடியில் படியும். தெளிந்தது மணல் படுகை வழியே இறங்கும். கடைசியில் குளோரின். இந்தக் குளோரின் சுத்திகரிப்பு நிலையத்தோடு வேலை முடிந்து போகும் பொருள் அல்ல. கடைசி வீட்டின் பைப்பில் ஒரு லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் எங்காவது கிருமி புகுந்தாலும் தண்ணீரோடு ஒரு காவல்காரன் கூடவே வருகிறான் என்பதற்கு அதுதான் சாட்சி. தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்தக் காவல்காரனின் பலம் மண்ணிலேயே தீர்ந்துவிடும். அடைமழை நாட்களில் கலங்கல் தண்ணீருக்குக் குளோரின் மட்டும் போட்டுத் தப்ப முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சுத்தமான தண்ணீர் அடுத்து ஊருக்கு மேலே உயரத்தில் இருக்கும் சேமிப்புத் தொட்டிக்குப் போகிறது. ஒரு நகரத்தின் இதயம் இந்தத் தொட்டி என்றே நான் சொல்வேன். ஊற்று இரவு பகலாக ஒரே அளவில்தான் சுரக்கும். மனிதர்கள் அப்படிக் குடிப்பதில்லை. விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை ஊரே ஒன்றாகப் பைப்பைத் திறக்கும், இரவு பன்னிரண்டு மணிக்கு யாரும் திறப்பதில்லை. ஊர் தூங்கும் நேரத்தில் தொட்டி நிறைகிறது, விழிக்கும் நேரத்தில் தன்னைக் கொடுக்கிறது. என் அம்மா மூன்றரை மணிக்கு எழுந்து செய்த வேலையை, பதுளையில் ஒரு கொங்கிரீட் தொட்டி யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் செய்துகொண்டிருந்தது.

தொட்டிக்குக் கீழேதான் மலைநாட்டுப் பொறியாளருக்குத் தலைவலி. கொழும்பு போன்ற சமதரை நகரத்தில் தண்ணீரைத் தள்ளிவிடுவது பிரச்சினை. இங்கே அதைப் பிடித்து நிறுத்துவது பிரச்சினை. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் பைப்புக்குள் அழுத்தம் சுமார் 1 பார் கூடும். நமுனுகுல உச்சியிலிருந்து பதுளைக்கு இடையில் நிறுத்தாமல் ஒரே பைப்பை இறக்கினால், அடியில் 130 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். கடையில் டைப் 1000 என்று அச்சிட்டு விற்கும் பிவிசி பைப் 100 மீட்டர் உயரத் தண்ணீரின் எடையைத்தான் தாங்கும். மிஞ்சினால் வெடிக்கும். அதனால் வழியில் இடையிடையே அழுத்தம் முறிக்கும் தொட்டிகள் கட்டுகிறார்கள். தண்ணீர் திறந்த தொட்டியில் விழுந்து, மூச்சு வாங்கி, சுழியத்திலிருந்து மறுபடி இறங்கும். தெமோதரையில் ரயிலுக்கும் இதே கதைதான். 1924இல் பதுளை வரை பாதை போட்டவர்கள் அந்தச் செங்குத்தில் நேராக இறங்க முடியாமல், மலையைச் சுற்றி வளைத்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து பாதையைக் கொண்டுபோனார்கள். இந்த மலையில் எதுவும் நேராக இறங்குவதில்லை.

மேடு பள்ளமாகப் போகும் பைப்பின் மேட்டுப் புள்ளிகளில் காற்று சேர்ந்து வழியை அடைக்கும், அங்கே காற்றை வெளியேற்றும் வால்வு வேண்டும். பள்ளங்களில் மண் தங்கும், அங்கே கழுவித் திறந்துவிடும் வால்வு வேண்டும். ஊருக்குள் வந்தபின் பைப்புகள் ஒன்றோடொன்று கோத்து வலையாக ஓடுவது நல்லது. ஒரு தெருவில் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்த தெரு வழியாகத் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுவரலாம். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், பைப் எந்நேரமும் நிறைந்து அழுத்தத்தோடு இருப்பது. நிறைந்த பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், நட்டம் பணத்தோடு போகும். காலியான பைப்பில் ஓட்டை இருந்தால் வெளியே இருக்கும் வடிகால் கானுத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் வயிற்றுப்போக்கு ஓயாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி 1975 ஜனவரியில் வேலையைத் தொடங்கிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. நாங்கள் வோட்டர் போர்ட் என்போம். பதுளை, ஹாலிஎல, எல்ல ஆகிய மூன்றையும் ஒரே வலையில் இணைக்கும் ஒருங்கிணைந்த திட்டமும் அதன் கையில்தான் வந்தது. தண்ணீர் வரவில்லையா, 1939க்கு அழைத்துச் சொல்லலாம். பில்லில் உங்கள் கணக்கு நம்பர் இருக்கும். அத்தை பயந்த அந்த மீட்டர், அவர் கையில் இருந்த ஓர் அத்தாட்சிப் பத்திரம். மீட்டர் இருப்பவருக்குத் தண்ணீர் வராவிட்டால் அது ஒரு முறைப்பாடு. மீட்டர் இல்லாதவருக்குத் தண்ணீர் வராவிட்டால் அது விதி.

மேட்டு லயமும் பணிய லயமும்

போன கச்சானில் பசறைக்கு மேலே ஒரு தோட்ட டிவிஷனுக்குப் போயிருந்தேன். அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்கிறார். காட்டோரத்து ஊற்றில் ஒரு சின்ன அணை, அங்கிருந்து ஒரு பைப், ஒரு தொட்டி, அதிலிருந்து மேட்டிலும் பணியவும், அதாவது கீழேயும், இருக்கும் இரண்டு லயங்களுக்கும், துரை பங்களாவுக்கும், தேயிலை ஆலையான ஸ்டோருக்கும் போகும் கிளைகள்.

"பணிய லயத்துக்குத்தானே மாமா தண்ணி போய்ச் சேராது? கடைசில இருக்கு" என்று கேட்டேன்.

"அது ரோட்டு பஸ்ஸுக்கு தம்பி. தண்ணிக்கு வேற நியாயம்" என்றார். "பணிய பைப்பத் திறந்தா மேட்டு லயத்துல காத்துதான் வரும். தொட்டி மேட்டு லயத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆனா தொட்டியப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியது அவங்கதான்."

பொறியியல் புத்தகம் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தொட்டிக்கும் மேட்டு லயத்துக்கும் உயர வித்தியாசம் பத்து மீட்டர்கூட இல்லை. பணிய லயத்துக்கு அறுபது மீட்டர் இருக்கும். கீழே எல்லாரும் திறந்தால் பைப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் கீழேதான் ஓடும். நகரத்தில் இதற்கு உயரத்துக்கு ஏற்றபடி வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டியும் அழுத்தம் குறைக்கும் வால்வும் வைப்பார்கள். இங்கே அந்த வலயம், வால்வு, கணக்கு எல்லாமே அந்தப் பெரியவர்தான். காலையில் மேட்டு லயத்துக்கு இரண்டு மணி நேரம், அந்தியில் பணிய லயத்துக்கு இரண்டு மணி நேரம். காய்ச்சல் வந்தால் அவர் மகன் போவான்.

தொட்டியிலிருந்து திரும்பும் வழியில் காட்டை நோக்கி ஏறும் கருப்பு ஹோஸ்களைப் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு ஊடாக, கானுக்குள்ளே, ஒன்றின்மேல் ஒன்றாகப் பாம்புக் குவியல்போல ஓடின. பொது பைப்பை நம்ப முடியாதவர்கள் ஊற்றிலிருந்து வீட்டுக்குத் தாங்களே இழுத்தவை. ஒருவர் ஹோஸ் போட்டால் அவர் வீட்டுக்குத் தண்ணீர் வரும். இருபது பேர் போட்டால் ஊற்றடியில் அணைக்கே தண்ணீர் மிஞ்சாது. அதைச் சுயநலம் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளத்திலிருந்து பிடித்துப் பிடித்துச் சேர்த்த காசில் ஒரு தாய் வாங்கிய ஹோஸ் அது. ஆனால் இருபது தனி ஹோஸுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு நல்ல தலைப்பைப்பும் இரண்டு தொட்டியும் கட்டியிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் மனதை அறுக்கிறது. அந்தப் பணத்தை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கு வைக்க அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பைப்பின் சொந்தக்காரர் யார்?

இலங்கையின் நகரங்களுக்குக் குடிநீர் வந்த கதையும் தோட்டத்துக்கு வந்த கதையும் ஒரே காலத்தவை. கொழும்பு நகரம் லபுகம நீர்த்தேக்கத்தைக் கட்டி மலையடிவாரத்திலிருந்து தண்ணீரை இறக்கியது 1886இல். அந்த வருடங்களில்தான் இலைநோயில் செத்த கோப்பிக்குப் பதிலாக ஊவா மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னையை வாங்கினார். ஸ்டோர் இயந்திரங்களைச் சுழற்றத் தண்ணீர் தேவைப்பட்டது, அதற்கு மலையின் வளைவு நெளிவெல்லாம் அளந்து வாய்க்கால் வெட்டினார்கள். பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஊற்றுப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ஸ்பிரிங்வெளி என்ற பெயரையே வைத்தார்கள். தண்ணீரை எப்படி அளப்பது, எப்படித் திருப்புவது என்று தெரியாத காலமல்ல அது. அளந்த தண்ணீர் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் போனது. லயத்துக்கு ஒரு பீலி.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வீடமைப்பும் நலன்புரியும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு. அடுத்தது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கக் குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினரையும் அனுப்பலாம். அந்த உறுப்பினர் தன் லயத்துக்கு ஒரு பைப் போட்டுத் தர முடியாமல் முப்பது வருடம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபைச் சட்டமும் வந்தது. பூட்டு திறந்தது. திறந்த கதவுக்குள் தொட்டியும் பைப்பும் தானாக வந்துவிடவில்லை.

பக்கத்துக் கிராமங்களின் கதையைச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்கும். 1993 முதல் 1998 வரை உலக வங்கி உதவியோடு சமூக நீர்வழங்கல் திட்டம் முதன்முதலில் நடந்த மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இரத்தினபுரியும் மாத்தறையும் மற்ற இரண்டு. கிராமத்து மக்கள் தாங்களே ஓர் அமைப்பைப் பதிவு செய்வார்கள், செலவில் ஒரு பங்கைக் காசாகவும் உடல் உழைப்பாகவும் போடுவார்கள், குழி வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் தொட்டியும் பைப்பும் அவர்கள் பொறுப்பு. வீட்டுக்கு வீடு மீட்டர், மாதாமாதம் ஒரு சிறு தொகை, அதிலிருந்து வால்வு திறப்பவருக்குச் சம்பளம், பைப் உடைந்தால் திருத்தச் செலவு. இன்றும் ஊவாவின் எத்தனையோ சிங்களக் கிராமங்களில் இப்படி ஓடும் திட்டங்களைப் பார்க்கலாம். இவற்றைக் கவனிக்கத் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் என்று தனி அலுவலகமே இருக்கிறது. வோட்டர் போர்ட்டின் பெரிய இயந்திரமே தேவையில்லை, ஐம்பது நூறு குடும்பம் சேர்ந்தால் ஒரு நகரத்தின் ஒழுங்கைத் தங்கள் மலையில் நடத்த முடியும் என்று இந்த மாவட்டமே நாட்டுக்குக் காட்டியது.

குழி வெட்டத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? இந்த மலையின் ஒவ்வொரு கானையும் வெட்டியவர்கள் அவர்கள். தடங்கல் வேறு. ஊற்று இருக்கும் காடு, தொட்டி கட்டும் மேடு, பைப் போகும் வழி, எல்லாமே அடுத்தவர் பெயரில். தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதியில்லாமல் ஒரு கல்லை நகர்த்த முடியாது. துரை மாறினால் அனுமதியும் மாறும். தேசிய அளவிலான குடும்ப ஆய்வுகளில் பாதுகாப்பான குடிநீர் என்ற வரியில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டம் எப்போதும் கடைசியில் நிற்பதன் விளக்கம் இந்தக் காணி உறுதியில் இருக்கிறது.

அடியிலிருந்தும் மேலிருந்தும்

ஊற்று என்பது மலையின் வயிற்றில் சேர்ந்த மழை. அதை இழப்பது எவ்வளவு சுலபம் என்று உமா ஓயாத் திட்டத்தால் பண்டாரவளை அறிந்தது. உமா ஓயாவின் தண்ணீரை வெலிமடைப் பக்கத்திலிருந்து மலைக்கு அடியால் தெற்கே திருப்பி, 120 மெகாவாட் மின்சாரமும் வறண்ட நிலத்துக்குப் பாசனமும் பெறும் திட்டம் அது. சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கம். 2014 டிசம்பரில் குடைந்துகொண்டிருந்தபோது பாறைப் பிளவுகளிலிருந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, பீலிகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் இறைத்தவர்கள் தண்ணீர்ப் பவுசருக்காகக் கேனோடு றோட்டில் நின்றார்கள். 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே கடைகளை அடைத்துத் தெருவுக்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். மின்சாரம் வருகிறது, நல்லது. மலையின் வயிற்றில் ஓட்டை போட்டால் எத்தனை பீலி வற்றும் என்று அளந்துவிட்டுத்தான் குடைந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் அங்கே இன்னும் ஆறவில்லை.

கச்சான் போய் ஐப்பசி பிறந்தால் எதிர்ப்பக்கத் துன்பம். ஊவாவின் பெரிய மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்த மழையில்தான். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண் சரியும்போது முதலில் அறுவது சரிவில் தொங்கும் பைப். ஊற்றடி அணை மண்ணுக்குள் போகும். சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு மிடறு இல்லை. சரிவில் கசியும் பைப்பும் வழியும் தொட்டியும் மண்ணை ஊறவைத்து அடுத்த சரிவுக்கு வழி செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு கசிவு பணநட்டம், லயத்துக்கு மேலே ஒரு கசிவு உயிர்நட்டம். ஆகவே தோட்டத்துக்குப் போடும் பைப் நகரத்துப் பைப்பைவிடத் தரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. புதிதாகத் தனி வீடுகள் கட்டித் தரும் இடங்களிலும் சுவரும் கூரையும் திறப்பு விழாவும் முன்னே வந்து, தண்ணீர் பின்னே வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊற்றை அளந்து, கச்சானில் எவ்வளவு சுரக்கும் என்று ஒரு வருடம் எழுதிவைத்துவிட்டு, பிறகு எத்தனை வீடு என்று முடிவு செய்யட்டும். அளப்பதற்கு வேண்டியது ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும்தான்.

பெரியவர் அதைச் செய்கிறார். தொட்டிச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்கு. "யாரு கேட்டாங்க மாமா?" என்றேன். "யாரும் கேக்கல. கேட்டா சொல்லணும்ல" என்றார்.

அந்தி நாலரை மணி. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மேட்டு லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பணிய லயத்தின் முறை. ஆனால் மேட்டு லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ வந்து சொன்னார்கள். பெரியவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கீழே பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்து, "அரை மணித்தியாலம் பொறுத்துக்கிருங்க" என்று கத்தினார். கீழேயிருந்து ஏதோ பதில் வந்தது, காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. அவர் குனிந்து பணிய வால்வைப் பூட்டி மேட்டு வால்வைத் திறந்தார். மேட்டு லயத்துப் பைப் இருமியது. முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. பைப்படியில் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு நின்ற சிறுமி முதல் தண்ணீரைக் கீழே விட்டு, வாளியைக் கழுவி, அப்புறம் பிடித்தாள்.